லிண்டல் மட்டம்

கல்குடாவிலிருந்து முக்கால் மணி நேரம்.
கச்சான் இன்னும் எழும்பாத காலை.
நிஸ்தார் எஞ்சினை நிறுத்துகிறான்.
ஜிபிஎஸ் வேண்டாம் அவனுக்கு:
குடும்பிமலையின் முடிச்சும்
ஹோட்டல் தண்ணீர்த் தாங்கியும்
ஒரு கோட்டில் வந்தால்
கீழே கப்பல்.

எப்போது தாண்டது என்று கேட்பார்கள்.
ஜெர்மன்காரருக்கு ஒரு குண்டு,
கொழும்புப் பொடியன்களுக்கு ஒரு புயல்,
தேனிலவுக்கு வந்தவர்களுக்குக்
கப்டனின் காதலி.
எனக்குத் தெரிந்தது சரக்கு மட்டும்.

இன்று வந்தவள் பெல்ஜியம், பல் வைத்தியர்.
வள்ளத்திலேயே கைமொழியைத் திரும்பவும் சொன்னேன்:
பெருவிரலும் சுட்டுவிரலும் வட்டமானால் சுகம்.
பெருவிரலை மட்டும் உயர்த்தினால்
‘நல்லம்’ இல்லை,
‘மேலே போவோம்.’

கயிற்றைப் பிடித்து இறங்குகிறோம்.
ஏழு மீற்றரில்
அவள் நகச்சாயத்தின் சிவப்பு கழன்றது.
பதினைந்தில் அது சேறு.
இருபத்திரண்டில் கப்பல்,
ஒருக்களித்து,
வயிற்றைக் காட்டிக்கொண்டு
அசைபோடும் மாடுபோல.

பாரைக் கூட்டம் ஒருதரம் கிறுகிப் போகிறது.
புகைபோக்கிக்குள் ஒரு களவாய்,
வாடகை கட்டாதவனின் முகம்.
அவள் படம் எடுக்கிறாள்.
நான் இரண்டாம் கிடங்குக்குள்
லைட்டை அடிக்கிறேன்.

சீமெந்து.
அடுக்கியது அடுக்கியபடி.
கடதாசி எப்போதோ கரைந்துவிட்டது,
மூட்டை போகவில்லை.
தைத்த வாயின் நெளிவு,
யாரோ ஒருவன் தோளில் கிடந்த பள்ளம்,
எல்லாம் கல்லில்.
பன்னிரண்டு நீளம், ஒன்பது உயரம்.
உள்ளே எத்தனை வரிசை என்று
ஒருநாளும் எண்ணி முடித்ததில்லை.
காற்று முடிந்துவிடும்.

என் வீடு லிண்டல் மட்டத்தில் நிற்கிறது.
நாலாம் கட்டுக் காசு வரும் என்றார்கள்
ஒரு தேர்தலுக்கு முன்பு.
வேண்டியது அறுபது மூட்டை.
இங்கே சிங்கிறால் ஒன்று
அந்த அறுபதின் மேல் குந்தியிருந்து
மீசையை ஆட்டுகிறது.

ஏறும்போது ஐந்து மீற்றரில் மூன்று நிமிடம்.
இரத்தத்தில் ஏறிய காற்று இறங்கவேண்டும்.
அவள் தன் குமிழிகளைப் பார்க்கிறாள்.
நான் மேலே பார்க்கிறேன்,
வெயில் நெளியும் தண்ணீர்க் கூரை.
ஒழுக்கே இல்லை.

“கீழே பெறுமதியான ஏதும் இருந்ததா?”
வள்ளத்தில் ஏறியதும் கேட்டாள்.
நிஸ்தார் என்னைப் பார்த்தான்.
இந்த ஒரு கேள்விக்கு மட்டும்
நான் இன்னும் கதை கட்டவில்லை.

இரவு, பருவம் தப்பிய ஒரு மழை.
கடனுக்கு எடுத்த இரண்டு மூட்டையும்
பலகைக்கு மேல், பொலித்தீனுக்குள்.
முடிச்சை அவிழ்த்து அமுக்கிப் பார்த்தேன்.
மா.
மா.
இடப்பக்க மூலையில்
விரல் இறங்கவில்லை.

“நல்லா இரிக்கா?” என்றாள் தவமலர்,
தகரக் கொட்டில் வாசலில் டோர்ச்சோடு.

பெருவிரலை உயர்த்திக் காட்டினேன்.

சிரித்துவிட்டு உள்ளே போனாள்.