கை நீளத் தூரம்

"எட்டடி அகலம்" என்றார்கள்,
ஹித் துறையில் கப்பல் பழுதுபார்க்கும் கம்பெனி.
வரவேற்பறைச் சுவருக்கு விடிகாலைத் துறை வேண்டுமாம்.
"எவ்வளவு தூரத்தில் நின்று பார்ப்பார்கள்?"
கேட்கவேண்டிய முதல் கேள்வி அது,
கேமராவின் பெயரெல்லாம் அப்புறம்.
"சோபா பன்னிரண்டடியில்" என்றார் அட்மின் மேனேஜர்,
அளக்காமலேயே.

பன்னிரண்டடிக்கு என் பழையதே போதும்:
முப்பத்தாறுக்கு இருபத்துநாலு மில்லிமீட்டர்,
தபால்தலை அளவு சென்சார்.
எட்டடிக்கு இழுத்தால்
அங்குலத்துக்கு எண்பத்துநாலு புள்ளி வரும்.
சோபாவில் இருப்பவருக்குக் குறை தெரியாது.
எனக்குத் தெரியும். அதுதான் வியாதி.

குதைபியாவில் சதக்கத்துல்லா கடை.
பாஸ்போர்ட் நகல் இல்லாமல்
லென்ஸ் மூடியைக்கூட வாடகைக்குத் தரமாட்டார்.
நாற்பத்துநாலுக்கு முப்பத்துமூன்றை
மேசையில் வைத்துவிட்டுக் கையை எடுக்காமல் பேசினார்:
"நாளைக்கு நாற்பது தினார்.
ஜூம் கேக்காதே.
எல்லா ஊருக்கும் போறவன் எந்த ஊரிலும் இருக்கமாட்டான்.
நடுவுல எல்லா லென்ஸும் நல்ல பிள்ளைதான்,
மூலையைப் பாரு.
எட்டுல வை. பதினாறுக்கு மூடினா
ஒளி இடுக்குல நசுங்கி மசிஞ்சுபோகும்."
என் அறையின் மாத வாடகையில் பாதி அது.
ஒன்று போதாதென்று இரண்டு லென்ஸ் எடுத்தேன்.

ஆகஸ்ட்.
ஏசி காரிலிருந்து இறக்கியதும்
கண்ணாடி முழுக்க வியர்த்துக்கொண்டது.
துடைத்தேன், திரும்பப் படர்ந்தது.
லென்ஸுக்கும் ஊர் பழகவேண்டும்,
நாற்பது நிமிடம்.
அதற்குள் கிழக்கு வெளுத்துவிட்டது.
ஏழு மணிக்குமேல் தகரமும் நீரும் அனலில் நெளியும்,
அப்புறம் நூறு மெகாபிக்சலும்
நடுக்கத்தை நுணுக்கமாக எழுதித் தரும், அவ்வளவே.
எனக்கு மிஞ்சியது பதினோரு நிமிடம்.

அறுபத்துமூன்றைக் கழற்றி நாற்பத்தைந்தை மாட்டிய
நாலு நொடியில்
வடமேற்கிலிருந்து ஒரு காற்று.
முன்னால் கிடந்த வடக்கயிறும் வேண்டும்,
தூரத்துப் பாய்மரக்கம்பமும் வேண்டும்
என்கிற பேராசையில்
பதினாறுக்கே மூடினேன்.

வீட்டில் கயிற்றின் இழையை எண்ணினேன்.
நாலு மூலைக்கும் போய் வந்தேன்.
வெறும் வானத்தை யார் பார்ப்பது?

எட்டு மாதம் கழித்து
பாக்கிச் செக்குக்காகப் போய் உட்கார்ந்தேன்,
அந்தப் பன்னிரண்டடிச் சோபாவில்.
படம் பிரமாதமாக இருந்தது, நானே சொல்லக் கூடாது.
ஸ்ப்ரேயும் துணியுமாக ஒரு பெண்
அக்ரிலிக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.
சட்டையில் பவளக்கொடி என்று ஆங்கிலத்தில்.

"நீங்க எடுத்ததா சார்?
இந்த அழுக்கு மட்டும் போகவே மாட்டேங்குது.
தெனம் தேய்க்கிறேன்."

வானத்தின் இடப்பக்கம்
பட்டாணி அளவில் சாம்பல் வட்டம்.
துகள், சென்சார் மேல் உட்கார்ந்த
அந்த நாலு நொடி.
எட்டில் வைத்திருந்தால் கரைந்தே போயிருக்கும்.
எட்டு மாதமாய் மேனேஜர் பார்க்கவில்லை,
முதலாளி பார்க்கவில்லை, விருந்தினர் பார்க்கவில்லை.

"இதையும் மொதல்ல அழுக்குன்னுதான் தேய்ச்சேன்"
என்று கம்பத்தின் உச்சியைத் தொட்டுக் காட்டினார்.
"அப்புறம் பாத்தா ஆளு.
ஒரு கையிலதான் கிளவுஸு. இன்னொண்ணு வெறுங்கை."

எழுந்து போய்ப் பார்த்தேன்.
விரற்கடை உயரத்தில் ஒருவன்.
வலது கை ஆரஞ்சு, இடது கை தோல்நிறம்.
எடுத்தவன் நான், எனக்கு அது தெரியாது.

"மேல இருக்கிறது போகாது" என்றேன்.
ஏன் என்று சொல்லவில்லை.
"அப்ப விட்டுடவா?"
"விட்டுடுங்க."

இன்ச் டேப் பையில்தான் இருந்தது.
அவர் கண்ணிலிருந்து படம்வரை
இருபத்துமூன்று அங்குலம் இருக்கும்,
இந்தமுறை நானும் அளக்கவில்லை.
லிஃப்டுக்குத் திரும்பும்போது கேட்டது,
வானத்தில் அதே இடத்தில்
ஸ்ப்ரே இரண்டு முறை அடிக்கும் சத்தம்.