விடு

வோலோஸ் துறைமுகத்துக்குப் பின்னால்
ஐஸ் கிடங்காக இருந்த கட்டடம்தான் எங்கள் ஜிம்.
மழை பெய்தால் சுவர் இன்னும் மீன் நாறும்.
பகலில் எனக்கு மியூசியத்தில் வேலை.
மூன்றாம் அறை, பிளாஸ்டிக் நாற்காலி,
தொடாதீர்கள் என்று நான்கு மொழிகளில் சொல்ல வேண்டும்.

எதிரே கண்ணாடிக்குள் ஒரு கறுப்பு ஜாடி.
அதன் வயிற்றில் அம்மணமாக இரண்டு ஆண்கள்.
பங்க்ராத்தியோன்.
கடிக்கக் கூடாது, கண்ணைத் தோண்டக் கூடாது,
மற்றதெல்லாம் ஆகலாம் என்றிருந்த ஆட்டம்.
ஒருவன் முதுகில் ஏறி
மற்றவன் கழுத்தைக் கையால் பூட்டியிருக்கிறான்.

அந்தப் பூட்டு எனக்குத் தெரியும்.
செவ்வாயும் வியாழனும் இரவு எட்டு மணிக்கு
கோச் அர்கிரிஸ் அதற்கு ஓர் ஆங்கிலப் பெயர் சொல்வார்,
போன வாரம்தான்
பிரேசிலிலிருந்து கப்பலில் வந்திறங்கியதுபோல.

கீழே இருப்பவன்
சுட்டுவிரலை உயர்த்தியிருக்கிறான்.
தோற்றேன், விடு.
பிரம்போடு ஓரத்தில் நடுவர்.
ஓங்கிய பிரம்பு இறங்குவதற்குள்
சூளையில் வைத்துச் சுட்டுவிட்டார்கள்.
இரண்டாயிரத்து ஐந்நூறு வருடமாக
கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

பள்ளிக்கூடத்திலிருந்து வந்த ஒரு பொடியன்
அவனைப் பார்த்துவிட்டுச் சொன்னான்:
"டீச்சர், இவனுக்குப் பதில் தெரியுமாம்."

லாரிசாவில், கூடைப்பந்து மைதானத்தில் கூண்டு போட்டு
என் ஏழாவது சண்டை.
எதிரி ப்ளோவ்திவ்காரி, தெசிஸ்லாவா.
இடது காது என்னுடையதைப் போலவே கசங்கிய காது.
இரண்டாம் சுற்றில் அவள் முதுகு கிடைத்தது.
கழுத்து கிடைத்தது.
பூட்டினேன்.

அவள் கை எங்கள் இருவருக்கும் அடியில் சிக்கியிருந்தது.
அங்கிருந்து
என் விலாவில் இரண்டு தட்டு,
கதவைத் தட்டத் தயங்குகிறவர் தட்டுவதுபோல.
நடுவர் அந்தப் பக்கம் நின்றார். பார்க்கவில்லை.
கூட்டம் பார்க்கவில்லை.
கேமராக்கள் மூன்று; அவையும் பார்க்கவில்லை.
எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும்.

விட்டேன் என்று சொல்ல ஆசை.
உடனே விடவில்லை.
ஒரு மூச்சு நேரம் பிடித்திருந்தேன்,
என் மூச்சு; அவளுக்கு அது இல்லை.
அந்த ஒரு மூச்சில்
ஜாடிக்காரனின் முழங்கை எனக்கு இருந்தது.

நான்காவதும் பெண் என்றதும்
அப்பா எனக்கு வைத்த பெயர் ஸ்தமாதியா.
நிறுத்து என்று அர்த்தம்.
பிறந்ததிலிருந்து என்னை யாரும்
அதைச் சொல்லாமல் கூப்பிட்டதில்லை.

கையைத் தளர்த்தினேன்.
பிடி வழுக்கியது என்று நினைத்து
நடுவர் ஆடுங்கள் என்றார்.
அவள் ஆடினாள்.
மூன்றாம் சுற்றில் என் புருவம் கிழிந்தது.
புள்ளிக்கணக்கில் ஜெயித்தாள்.
அர்கிரிஸ் வேன் ஏறும்வரை என்னிடம் பேசவில்லை.
உடை மாற்றும் அறையின் நடைபாதையில் அவள் நின்றாள்.
ஆரஞ்சு ஒன்றை உரித்துக்கொண்டிருந்தாள்.
பாதியை நீட்டினாள். வாங்கிக்கொண்டேன்.
எனக்கு பல்கேரிய மொழி தெரியாது.
தெரிந்திருந்தாலும் என்ன கேட்பது?

திங்கட்கிழமை மூன்றாம் அறை.
புருவத்தில் ஐந்து தையல்.
யாரும் இல்லாத நேரம் பார்த்து
மேலே இருப்பவனின் காதுக்கு நேராகக்
கண்ணாடியில் வாய் வைத்துச் சொன்னேன்:
விடுடா.

மூச்சு படிந்து இரண்டு பேரும் மறைந்தார்கள்.
மெல்லத் தெளிந்தது.
விடவில்லை.
சட்டைக் கையால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு
நாற்காலிக்குத் திரும்பினேன்.