பச்சைக் குச்சி

டுலூத்தில் நவம்பரிலேயே ஏரிக்காற்று
காதைக் கடிக்கத் தொடங்கிவிடும்.
அந்தக் காற்றில் பதினோரு நிமிடம் நடந்தால்
வெர்னின் கடை.
ஆறு மேசை, ஒரு நீள இரும்புக்கல்,
தாழ்ப்பாள் சரியில்லாத கழிப்பறை.
பத்து டாலருக்குள் வயிறு நிறையும்.

முதலாண்டு முழுக்க விடுதி அறை எனக்குப்
படுக்க மட்டும்தான்.
மூன்றாம் மேசையின் அடியில்
சாவியால் கீறி வைத்திருக்கிறேன்
வேதியியலில் தேறிய தேதியை.

பிறகு ஒரு மருத்துவர்
குடலுக்குள் விளக்கு விட்டுப் பார்த்து
கோதுமை ஆகாது என்றார்.
பார்லியும். ரையும்.
கொஞ்சம்கூடவா?
துணுக்குகூட.
ஆயுளுக்கும் என்று சொன்னபோது
அவர் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
எனக்கு வயது பத்தொன்பது.

அன்று மாலை வெர்னின் உணவுப் பட்டியலை
பரீட்சைத்தாள் போலத் திருத்தினேன்.
பன், தவறு.
வெங்காய வளையம், தவறு.
சூப்பில் மாவு கரைத்திருக்கிறது, தவறு.
உருளை வறுவல்...
உருளைக்கிழங்கு நிரபராதிதான்.
ஆனால் வெங்காய வளையங்களோடு
ஒரே எண்ணெயில் குளித்த சகவாசம்.
சோயா சாஸிலும் கோதுமை உண்டாம்.
நெடுநாள் சிநேகிதி ஒருத்தி
முதுகுக்குப் பின்னால் பேசி வந்தது
தெரிந்ததுபோல் இருந்தது.

சாலட் சாப்பிடேன் என்றான் லெய்ஃப்,
மேலே கிடக்கும் ரொட்டித் துண்டுகளைப்
பொறுக்கிப் போட்டால் போயிற்று என்றும் சொன்னான்.
நல்லவன்.
இப்போதெல்லாம் முத்தத்துக்கு முன்
பல் துலக்கி வரச் சொல்கிறேன்,
அவன் குடித்த பீருக்காக.

ஹோதன்தான் சிரித்தாள்.
"கேட்பதற்கா கூச்சம்?
ஆறு வயதிலிருந்து
இதில் பன்றிக் கொழுப்பு இருக்கிறதா என்று
கேட்டுக் கேட்டுத்தான் சாப்பிடுகிறேன்.
போ, சத்தமாகக் கேள்."

கேட்டேன்.
எனக்குப் பின்னால் வரிசையில் ஏழு பேர்.
"ஒவ்வாமையா, ஃபேஷனா?" என்றார் வெர்ன்.
குடல் என்றேன்.
யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள்.
வெர்ன் சிரிக்கவில்லை.
கரண்டியைக் கழுவினார்.
கல்லின் இடது மூலையைச் சுரண்டி
அலுமினியத் தாள் விரித்து
அதன்மேல் இறைச்சியை வைத்தார்.
பன்னுக்குப் பதில் இரண்டு லெட்டூஸ் இலை,
நடுவில் பச்சை நிறப் பல்குச்சி,
இது என்னுடையது என்பதற்கு.
இலை நழுவி, கடுகுச் சாஸ்
முழங்கைவரை வழிந்தது.
கைக்கு எட்டியது வாய்க்கும் எட்டியது.

குளிர்காலம் முழுக்க வியாழன்தோறும்
பச்சைக் குச்சி.
பதினான்கு சேர்ந்தன, மேசை இழுப்பறையில்.

பிப்ரவரியில் ஒரு ஹாக்கி இரவு.
கடைக்குள் நிற்க இடமில்லை,
வெர்னைக் காணோம்,
கல்லருகே புதுப் பையன்.
பச்சைக் குச்சி சரியாகத்தான் குத்தியிருந்தது.
குச்சிக்கு என்ன தெரியும்,
கரண்டி எங்கெங்கே போய் வந்தது என்று.

மூன்று நாள் குளியலறைத் தரையில்.
ஓடுகளை எண்ணினேன், நூற்றுப்பன்னிரண்டு.
புள்ளியியல் தேர்வு என்னை விட்டுவிட்டு நடந்தது.
ஹோதன் கதவுக்கு வெளியே
உப்புச் சர்க்கரைத் தண்ணீர் வைத்துவிட்டு
ஒரு வார்த்தை கேட்காமல் போனாள்.

இரண்டு வியாழன் போகவில்லை.
மூன்றாவது வியாழன் கால்கள் தாமாக நடந்தன.
"ஆளையே காணோமே?"
காய்ச்சல் என்றேன்.

ஏன் அந்தப் பொய்?
பையனின் வேலை போய்விடுமே என்றெல்லாம் இல்லை,
அவ்வளவு நல்லவள் இல்லை நான்.
உண்மை தெரிந்தால் வெர்ன் பயந்துபோய்
இனி உனக்குச் சமைக்க மாட்டேன் என்பார்.
அதை ஏற்கெனவே நான்கு கடைகள்
மிக மரியாதையாகச் சொல்லிவிட்டன.

வெர்ன் கரண்டியைக் கழுவினார்.
துடைத்தார். மறுபடி கழுவினார்.
தாளை இரண்டு மடிப்பாக விரித்தார்.
புதுப் பையன் வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டு
அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான்.
"இந்த வருஷக் காய்ச்சல் ரொம்ப மோசம்"
என்றார் வெர்ன், என் முகம் பாராமல்.

தட்டு வந்தது.
குச்சியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டேன்.
முதல் கடியைச் சின்னதாகக் கடித்து
வயிற்றைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
சன்னலுக்கு வெளியே
உப்பு தூவும் லாரி ஒன்று
மலைச்சரிவில் மெல்ல ஏறியது.
அது வளைவு திரும்பும்வரை பார்த்தேன்.
பிறகு
பசித்தது.