இரண்டு விரல்

பனிச்சங்கேணிச் சந்தியில்
நாலு பனங்குற்றியின் மேல் ஏற்றிய கறுப்புத் தாங்கி.
ஆயிரம் லீற்றர். கழுத்துமட்டும் தண்ணி.
பைப் மட்டும் இல்லை.

முந்தாநாள் பின்னுக்கு வந்த உழவு மெசின் ஒன்று
அதை அடியோடு முறித்துப் போட்டது.
ஆரோ ஓட்டைக்குள் சைக்கிள் ரியூப்பை
உருட்டி அடைத்து வைத்திருந்தார்கள்.
இன்று காலை பவுசர் வந்தது.
மூடியைத் திறந்தான், நிரப்பினான்,
என்னிடம் கையெழுத்து வாங்கினான், போனான்.
நிரப்புவதற்கு அந்தப் புத்தகத்தில் கட்டம் இருக்கிறது,
இறக்குவதற்கு இல்லை.

பதினேழு வாளி வரிசையில்.
ஆவணி மாதம். கிணறெல்லாம் உவர்.
அதில் தேத்தண்ணி போட்டால் பால்மா திரைகிறது.
ரியூப்பைப் பிடுங்குவோம் என்றது ஒரு குரல்.
பிடுங்கினால் முதல் வாளிக்குப் பிறகு
மணல்தான் குடிக்கும்.

கோழிக்கூட்டுப் பக்கம் கிடந்த ஓசை எடுத்து வந்தேன்.
ஒரு முனையில் கல்லைக் கட்டி உள்ளே விட்டேன்.
மறு முனையை வாயில் வைத்து
நெஞ்சு ஒட்ட இழுத்தேன்.

வாய் நிறையப் பெற்றோல்.

பெற்றோல் இல்லாத அந்த வருசம்
அண்ணனின் மோட்டச்சைக்கிளில் இருந்து ஓட்டோவுக்கு
இதே ஓசால்தான் உறிஞ்சி மாற்றினேன்,
தங்கச்சியை வாழைச்சேனை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோக.
பிள்ளை பள்ளிக்கூடம் போகிற வயதுக்கு வந்துவிட்டது.
றப்பர் இன்னும் மறக்கவில்லை.

துப்பினேன்.
"என்ன கா, தண்ணியா சாராயமா?" என்றாள் ஜெயசுதா.
வரிசை முழுக்கச் சிரித்தது.

சிரிக்காமல் நின்றவன் தவநேசன் மேசன்.
என் முன்மதிலைக் கட்டியவன்.
மதில் சரிவு என்று நானும்
உன் கண்தான் சரிவு என்று அவனும்
மிச்சக் காசு என் அலுமாரியிலும்
பேச்சு இரண்டு பேர் தொண்டையிலுமாக
எட்டு மாதம்.

வீட்டுக்குப் போய் மட்டக்குழாயைக் கொண்டு வந்தான்.
கண்ணாடி மாதிரி, சின்னவிரல் மொத்தம்.
வாய் வைக்கவில்லை.
ஒரு வாளித் தண்ணிக்குள் பாம்புபோல் சுருட்டி அமுக்கி,
கடைசிக் குமிழி வெளியே வரும்வரை தட்டினான்.
ஒரு குமிழி மிஞ்சினாலும் வராது என்றான்,
என்னிடம் இல்லை, வாளியிடம்.
இரண்டு முனைக்கும் பெருவிரல்.
கதிரையில் ஏறி ஒன்றைத் தாங்கிக்குள் தாழ்த்தினான்.
மற்றதை நீட்டினான்.
பிடிக்க என் கைதான் பக்கத்தில் இருந்தது.

"பதிச்சுப் பிடி. இன்னும் பதிச்சு.
இப்ப விடு."

தண்ணி முதலில் மேலேதான் ஏறியது.
விளிம்புவரை ஏறி, வளைந்து,
பிறகுதான் என் கைக்கு வந்தது.
குழாய்க்குள் அதைக் கண்ணால் பார்த்தோம்.
ஜெயசுதாவின் மகன் வாயைத் திறந்தவன் மூடவில்லை.

வாளிக்கு ஏழு நிமிசம்.
இடையில் என் பெருவிரல்தான் பைப்.
அடுத்த வாளி, அடுத்த வாளி, விரல் வெளிறிச் சுருங்கி
வேறு ஆருடையதோ போலாகியது.
மேலே முனை நழுவாமல் அவன்.
இரண்டு மணித்தியாலம்
"விடு", "பிடி" தவிர ஒன்றும் பேசவில்லை.
எட்டு மாதத்துக்கு அது கூடத்தான்.

பதினேழாவதும் போன பிறகு
குழாயை வழித்து ஊற்றுவான் என்று பார்த்தேன்.
ஊற்றவில்லை. இரண்டு முனையையும் விரலால் அடைத்தபடி
என் வளவுப் பக்கம் நடந்தான்.
மதிலின் ஒரு தலைப்பில் அவன்,
மற்றத் தலைப்பில் நான்.
விரலை எடுத்தோம்.
தண்ணி கொஞ்சம் தளம்பி, ஏறி இறங்கி,
பொழுதுபடுகிற வெளிச்சத்தில் நின்றது.

அவன் பக்கம் மதில்விளிம்போடு தண்ணி.
என் பக்கம் தண்ணிக்குக் கீழே மதில், இரண்டு விரல்.
நான் ஊரெல்லாம் சொன்ன நாலு விரல் இல்லை.

அவனும் வந்து பார்த்தான். குனிந்து, மறுகாவும் குனிந்து.
தன் விரலையே வைத்து அளந்தான்.

"வாளிய உள்ள வை, இலையான் விழும்" என்றான்.