முப்பத்தைந்தாம் நாள்

லக்ஸம்பர்கில் ஐந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு
நான் சம்பளம் போடுகிறேன்.
சம்பளம் என்றால் காசு என்பார்கள்.
எனக்கு அது இடம்:
யார், எந்தத் தேதியில், எந்த மண்ணில் உட்கார்ந்து
விசைப்பலகையைத் தட்டினார் என்பது.

அக்கரை ஜெர்மனியில் குடியிருப்பவர்களுக்கு
வருடத்தில் முப்பத்துநான்கு நாள்.
அதுவரை வீட்டு மேஜையில் செய்த வேலையும்
எங்கள் மேஜையில் செய்ததாகவே கணக்கு.
முப்பத்தைந்தாவது நாள் போனால்
தான் மட்டும் போகாது.
ஓர் ஆடு வேலி தாண்டியதும்
முந்தைய முப்பத்துநான்கும் பின்னாலேயே தாண்டி
அங்கே போய் வரி கட்டும்.

அரை மணிக்குள் முடிந்தால்
அது வேலையே இல்லை, நாளாகச் சேராது.
முப்பத்தோராவது நிமிடம்
முழு நாளையும் விழுங்கிவிடும்.

சில்கே ரைனர்ட், வெல்லன் கிராமம்.
முகம் பார்த்ததில்லை,
அவளுடைய வருடத்தை மட்டும் தெரியும்.
பிப்ரவரியில் நான்கு நாள்,
கொதிகலன் பழுதுபார்ப்பவருக்காகக் காத்திருந்தது.
மே மாதம் பதினொன்று, காரணம் எழுதவில்லை.
கோடையில் ஒன்றுகூட இல்லை.
அக்டோபரில் ரயில் ஓடாத ஆறு.
நவம்பரில் பதின்மூன்று.
கூட்டிப் பார்த்து
அவள் வரிசைக்குச் சிவப்பு பூசினேன்.
இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள்,
என் பட்டியலில் அக்கரை சிவப்பு.

டிசம்பர் பதினெட்டு, காலை எட்டு இருபதுக்குப் போன்.
திரு. வலாதஷ், மகனுக்குச் சின்னம்மை,
பள்ளியில் சேர்க்கமாட்டார்கள்,
இழப்பீட்டுக் கோப்புகளை இன்றே மூடவேண்டும்,
இன்று ஒரு நாள் வீட்டிலிருந்து...
பிள்ளைக்கான விடுப்பு அவளுக்குத் தீர்ந்திருந்தது.
அதைக் கழித்தவனும் நான்தான்.
இருபத்தொன்பது நிமிடம் செய்யலாம், என்றேன்.
பிழையில்லாத பதில்.
மறுமுனையில் யாரோ சின்னதாக இருமினார்கள்.

பத்து மணியிலிருந்து
கோப்புகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்தன.
பதினேழு, பதினெட்டு, இருபத்திரண்டு.
மூன்று மணிக்கு ஒரு படிவம்.
பணியிடம்: கிரேவன்மாகர்,
பாலத்துக்கு உங்கள் பக்கம், கார் நிறுத்துமிடம்.
சாட்சி: பார்க்கிங் சீட்டு, ஒன்பது ஏழு முதல்.

பின்சீட்டில் போர்வைக்குள் பையன்,
முகமெல்லாம் களிம்புப் புள்ளி.
ஸ்டியரிங்கில் சாய்த்த லேப்டாப்.
எஞ்சினை அணைத்தால் குளிர்,
போட்டால் கண்ணாடியில் ஆவி.
துடைத்த இடத்தின் வழியே
ஆற்றுக்கு அப்பால் அவள் வீட்டுச் சமையலறை விளக்கு,
அவசரத்தில் அணைக்காமல் வந்தது.
இதெல்லாம் படிவத்தில் இல்லை.
நானாக நினைத்துக்கொண்டது.

மோசல் ஆற்றுக்கு நடுவில் கோடு கிடையாது.
கரை முதல் கரை வரை
தண்ணீர் இரண்டு நாட்டுக்கும் பொது.
பாலத்தின் நடுவே காரை நிறுத்தி
ஒரு கோப்பை மூடியிருந்தால் எந்தப் பத்தியில் போடுவது?
மேலாளரிடம் கேட்டேன்.
பாலத்தில் வண்டி நிறுத்தக்கூடாது, என்றார்.

லக்ஸம்பர்க் என்று பதிந்தேன்.
முப்பத்துநான்கு முப்பத்துநான்காகவே நின்றது.
அசல் சீட்டு தபாலில் வந்தது.
வெப்பத்தாள், கோடைக்குள் எழுத்து வெளிறிவிடும்.
தணிக்கைக்காரர் வந்தால் வெள்ளைத்தாளையா காட்டுவது?
நகல் எடுத்து வைத்தேன்.

சீட்டின் ஓரத்தில் பேனாவால் எழுதியிருந்தாள்:
நான்கு யூரோ இருபது. திருப்பித் தருவீர்களா?
தரலாம்.
வேலை செய்ய வந்தவள்
வேலையிடத்துக்கு வாடகை கட்டியது ஏன் என்று
அந்தச் சின்னக் கட்டத்தில்
ஒரு காரணம் எழுதவேண்டும், அவ்வளவுதான்.
கர்சர் அங்கேதான் துடிக்கிறது.
மணி ஆறரை.
துப்புரவுக்காரர்கள் என் மேஜையை விட்டுவிட்டு
மற்றதையெல்லாம் துடைத்துவிட்டார்கள்.