சொட்டு நீலம்

ஹொரமாவு, இரண்டாவது பேஸ்மென்ட்.
இரவு ஒன்றே முக்கால்.
போனில் தபன் நாயக் சொன்னது ஒரே சொல்: "தண்ணி."
ஒடியா நாக்கில் அந்தச் சொல்
கொஞ்சம் கூடுதலாகவே நனைந்திருந்தது.

மெயினை இறக்கச் சொன்னேன்.
இறக்கியாச்சா என்று இன்னொரு தரம் கேட்டேன்.
பிறகு காலால் துழாவித் துழாவிப் போய்
குழியின் கம்பி மூடியைத் தூக்கினேன்.

ஒன்றாம் நம்பர் மோட்டார் செத்த மாதிரி கிடந்தது, சாகவில்லை.
மிதவைதான் தன் ஒயரையே கழுத்தில் சுற்றிக்கொண்டு தொங்கியது.
அதற்குத் தெரிந்தது இவ்வளவுதான்:
எழுந்தால் ஓடு, தொங்கினால் நில்.
சுற்றிலும் வெள்ளம்,
சொன்ன சொல் மாறாமல் தொங்கிக்கொண்டிருந்தது, பாவம்.

இரண்டாம் நம்பர் ஓடியிருக்கிறது, இறைக்கவில்லை.
கழற்றினால் இம்பெல்லரின் பல்லிடுக்கில்
பிறந்தநாள் பலூனின் ரிப்பன் வால்,
அதோடு பிசைந்த சேறும் கடலைத் தோலும்.

விடியும்போது தரை தெரிந்தது.
செகரெட்டரி உத்தப்பா லிப்டை விட்டு இறங்காமல்
மூடப்போன கதவைக் கையால் தடுத்தபடி
"எஷ்டாகுத்தே?" என்றார்.
ஆயிரத்து எண்ணூறு என்றேன். ரிப்பனையும் காட்டினேன்.

இது போன ஜூலையில்.
மழைக்காலத்தில் தண்ணீர் வருவதில் என்ன இருக்கிறது,
என்னை உறுத்தியது பிப்ரவரி.
மழை முகம் பார்த்து நூறு நாளான பிப்ரவரியிலும்
பதினான்கு நிமிடத்துக்கு ஒரு தரம்
இந்த மோட்டார் கனைத்துக்கொண்டு எழும்.
ஏரிப் படுகையில் கட்டினால் அப்படித்தான் என்றார்கள்.
ஏரிமேல் பழி போடுவது சுலபம்,
ஏரி அசோசியேஷன் கூட்டத்துக்கு வராது.

ஒரு நாள், யாரும் கேட்காமலே,
பெட்டிக்கடையில் சொட்டு நீலம் வாங்கி
கேட் ஓரம், நம் குழாய் கக்கும் காவாயில்
பாட்டிலோடு கவிழ்த்தேன்.
கீழே வந்து பெயின்ட் டப்பாவைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன்.
ஒரு மணி நேரம்.
டீ.
இன்னொரு மணி நேரம்.
மூன்றாவதில்
வடக்குச் சுவரின் வெடிப்பிலிருந்து
வெள்ளைச் சட்டைக்குப் போடும் அந்த நிறம்
வேர் மாதிரி இறங்கியது.

ஏழு வருடமாக நான் இறைத்தது ஒரே தண்ணீர்.
மேலே துப்புகிறோம், பக்கவாட்டில் நுழைகிறது,
மறுபடி துப்புகிறோம்.
இந்நேரம் அதற்கு என் முகம் அடையாளம் தெரிந்திருக்கும்.

போட்டோ எடுத்து அனுப்பினேன்.
"சுவர் வெடிப்பை அடைச்சு, குழாயை இருபதடி தள்ளி விட்டா போதும் சார்,
ஒரு நான்-ரிட்டர்ன் வால்வும்."
ஞாயிறு கூட்டத்தில் நாற்பது நிமிடம்
நீலத்தைப் பற்றித்தான் பேசினார்களாம்.
டயரில் கறை பட்ட மூன்றாம் மாடிக்காரர் கொதித்தாராம்.
காவாய் மாநகராட்சிக்குச் சொந்தம்.
சுவர் பில்டர் தலையில்.
தண்ணீருக்கு மட்டும் ஆளில்லை.
தீர்மானம்: மூன்று எச்.பி.யில் புது மோட்டார்.

அதை மாட்டும் கூலியும் எனக்குத்தான்,
மறைப்பானேன்.

நேற்று பொருத்தினேன். நல்ல மோட்டார்.
மிதவையின் ஒயர் சுற்றாதபடி கிளிப் அடித்தேன்.
பத்து வாளி ஊற்றிப் பார்த்தேன்:
எழுந்தது, ஓடியது, நின்றது.
தபன் செல்போனில் நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.
முன்பு பதினான்கு நிமிடம்,
இப்போது ஒன்பது.
"நல்லா வேலை செய்யுது அண்ணா" என்றான்,
முகமெல்லாம் சிரிப்பாக.

சர்வீஸ் அட்டையில் தேதி எழுதினேன்.
அடுத்த தேதியும் எழுதினேன்.
பேனாவைப் பிடித்த நகக்கண்ணில்
இன்னும் போகவில்லை நீலம்.