கடையில் வாங்கியது

ஜனவரியில் எங்கள் ஔலு நகருக்கு
வெளிச்சம் மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் வந்துபோகும்.
அந்த நேரம் பார்த்துத்தான் துவோமோ
மிளகாய் விதை ஊறப்போடுவான்,
ஆறிப்போன சீமைச் சாமந்தித் தேநீரில்,
ஓர் இரவு முழுக்க.

எண்ணிப் பன்னிரண்டு.
பழைய ஐஸ்கிரீம் டப்பா, ஈரமண், மேலே கண்ணாடித்தாள்.
வீட்டிலேயே கதகதப்பான இடம்
வைஃபை பெட்டியின் முதுகு
என்று கண்டுபிடித்தவனும் அவன்தான்.
வேலை, பனி உடைக்கும் கப்பலில் இயந்திரம் பார்ப்பது.
இருபது நாள் கடல், இருபது நாள் வீடு.
முளை எழும் நாளில்
அவன் ஒருமுறைகூட வீட்டில் இருந்ததில்லை.

"ஜூனில் சந்தையில் முழச்செடியே கிடைக்கும்,
ஐந்து யூரோ" என்பேன்.
"அது வேறு" என்பான்.
என்ன வேறு என்று கேட்டால்
பூட்ஸ் மாட்டத் தொடங்கிவிடுவான்.

பதினெட்டாம் நாள்
ஒன்று கூன்முதுகோடு எழுந்தது,
விதைத்தோலைத் தொப்பியாய் மாட்டிக்கொண்டு.
படம் எடுத்து அனுப்பினேன்.
கடலிலிருந்து ஒரே சொல்: "தொடாதே."
அதற்குள் தொப்பியை
எச்சில் விரலால் கழற்றியாகிவிட்டது.

ஏழு முளைத்தன.
மூன்றின் தண்டு நூலாய் இளைத்து
ஒரே இரவில் சாய்ந்தன.
மிச்சம் நான்குக்கும்
தினம் பதினாறு மணி நேரம் விளக்கு.
எங்கள் ஊதா ஜன்னலைப் பார்த்து
எதிர்வீட்டுக்காரர் கேட்டார், என்ன வளர்க்கிறீர்கள் என்று.
மிளகாய் என்றேன்.
நம்பாமல் கண்ணடித்தார்.

மே முதல் வாரம். பால்கனியில் வெயில்.
கொஞ்சம் காற்று வாங்கட்டும் என்று
நான்கையும் வெளியே வைத்தேன்.
தங்கை போன் செய்தாள்.
அவள் விவாகரத்துக் கதை சுருக்கமாய் முடிவதல்ல.
காலையில் காபி போடும்போதுதான் ஞாபகம் வந்தது.
இரவில் மைனஸ் ஆறு.
வெந்த கீரையாய்
நான்கும் தொட்டி விளிம்பில் தொங்கின.

ஊருக்கு வெளியே ஒரு நாற்றுப்பண்ணை.
கல்லாவில் இருந்தவள் சட்டையில் பெயர்: தைமி.
எங்கள் மொழியில் தைமி என்றால் நாற்று.
வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.
"மஞ்சளாய்க் காய்ப்பது வேண்டும்."
"சிவப்புதான் இருக்கு. டிசம்பரிலேயே போட்டது."
அவள் நகக்கண்ணில் மண்.
டிசம்பர் என்று சொன்ன விதத்தில்
எத்தனையோ ராத்திரி எழுந்து பார்த்த அலுப்பு.

காரிலேயே பிளாஸ்டிக் சீட்டுகளைப் பிடுங்கி
கோட்டுப் பையில் திணித்தேன்.
அவன் தொட்டிகளில் நட்டேன்.
அவன் விட்டுப்போன அளவுக்கு இருக்கட்டும் என்று
இலைகளைக் கொஞ்சம் கிள்ளினேன்.

வந்தான். பையைக்கூட இறக்கவில்லை.
குனிந்து ஒவ்வொன்றாய்ப் பார்த்தான்.
"நல்லா வந்திருக்கு" என்றான்.

இரவே இல்லாத கோடையில்
எதை எங்கே மறைப்பது?
பூ வெள்ளை, காய் பச்சை,
அதுவரை பிழைத்தேன்.
கப்பல் நண்பர்கள் வந்தபோது செடிகளைக் காட்டினான்.
வழக்கமாய் "விதையிலிருந்து" என்பவன்
"வீட்டில் வளர்ந்தது" என்றான்.

ஆகஸ்ட் பதினொன்று. சிவந்தது.
சவுனாவிலிருந்து ஆவி பறக்க வந்தவன்
பறித்தான், பாதியாய் அரிந்தான்,
பொரித்த மீனோடு மென்றான்.
கண்ணில் நீர்.
"காரம்" என்றான்.
அவ்வளவுதான்.

இந்த ஜனவரி.
மேசையில் தேநீர்க் கோப்பை, அடியில் விதைகள்.
பக்கத்தில், காபி வடிதாளை மடித்த பொட்டலம்,
பிரித்துக் காலியாக.
மேலே அவன் கோணல் எழுத்தில் இரண்டு சொல்:
கடையில் வாங்கியது.

போய்க் கோட்டுப் பையைத் துழாவினேன்.
சீட்டுகள் மூன்றுதான் இருந்தன.
நாலாவது, புது டப்பாவின் ஈரமண்ணில்
நிமிர்ந்து நின்றது.
ஏதாவது கேட்கலாம் என்று திரும்பினேன்.
துவோமோ பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தான்.